பக்கத்து வீட்டுக்காரர் விட்டுச்சென்ற சருகு உறிஞ்சி அரைக்கும் எந்திரத்தைப் பாதுகாப்பாக ஓட்டுவது எப்படி?

கேள்வி கேட்டவர் நியூ ஜெர்சியில் முதல் வீடு வாங்கியவர். கொல்லையில் நான்கு பெரிய மரங்கள். ஊர் மாறிப்போன பக்கத்து வீட்டுக்காரர், பின்னால் நடந்து தள்ளிக்கொண்டு போகும் வகை எந்திரம் ஒன்றைக் கையேடு இல்லாமல் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். முன்னால் சருகை உறிஞ்சும் அகல வாய், பக்கவாட்டில் கிளை நுழைக்கும் குழாய், பின்னால் துணிப்பை. ஓட்டலாமா, எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்கிறார்.

ஓட்டலாம். நானும் இதே மாநிலத்தில் ஒன்பது இலையுதிர்காலங்களாக அப்படி ஒன்றை ஓட்டிவருகிறேன். பத்து விரலும் இருக்கின்றன. அதில் இரண்டு மூன்று மிச்சமிருப்பதற்கு என் முதுகுவலிதான் காரணம் என்பதால் அந்தக் கதையிலிருந்து தொடங்குகிறேன்.

முதல் வருட நவம்பர். முந்தின நாள் நல்ல மழை. மேப்பிள் இலைகள் நனைந்த அப்பளம் போலத் தரையோடு ஒட்டிக் கிடந்தன. காயட்டும் என்று விட்டிருக்க வேண்டும். அடுத்த நாள் வீட்டுக்கு விருந்தாளிகள் வருவதாக இருந்ததால் அவசரப்பட்டேன். இருபது அடி போவதற்குள் எந்திரம் அடைத்துக்கொண்டது. எஞ்சினை நிறுத்தினேன். சத்தம் அடங்கியது. குனிந்து கையை விட்டு அள்ளிவிடலாம் என்று நினைத்தேன்; இடுப்புக்கு மேல் பிடித்துக்கொண்டிருந்ததால் குனிய முடியவில்லை. மகனுடைய பழைய ஹாக்கி மட்டை சுவரோரம் கிடந்தது. அதை எடுத்து உள்ளே நுழைத்தேன். மட்டையை யாரோ பிடுங்குவது போல இருந்தது. வெளியே இழுத்துப் பார்த்தால் நுனியில் நான்கு விரற்கடையைக் காணவில்லை.

எஞ்சின் நின்றிருந்தது. உள்ளே இருந்த தகடு நிற்கவில்லை. இவ்வகை எந்திரங்கள் பலவற்றில், கனமான இரும்புச் சுழலி நேரடியாக எஞ்சினின் தண்டிலேயே பொருத்தப்பட்டிருக்கும். தீப்பொறியை நிறுத்தினால் வெடிப்பு நிற்கும், அதனால் சத்தமும் நிற்கும். ஆனால் அந்தக் கனம் தன் வேகத்திலேயே இன்னும் பல விநாடிகள் சுற்றும். புல்வெட்டும் எந்திரத்தில் கைப்பிடியை விட்டதும் பிரேக் பிடித்து மூன்று விநாடிக்குள் கத்தி நின்றுவிடும். அந்தப் பழக்கத்தில் இதைக் கையாண்டால் மாட்டிக்கொள்வோம். பழைய எந்திரங்கள் பலவற்றில் அப்படி ஒரு பிரேக்கே கிடையாது. உங்களுடையதில் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாததால், இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சங்கடம், காதுக்கவசம். அதைப் போடாமல் ஓட்டாதீர்கள். தொடர்ந்து கேட்கும் ஒலி 85 டெசிபலைத் தாண்டினாலே காதைக் காக்க வேண்டும் என்கிறார்கள், ஒவ்வொரு மூன்று டெசிபல் கூடும்போதும் தாங்கக்கூடிய நேரம் பாதியாகக் குறையும். ஆனால் கவசம் போட்ட காதுக்கு, வெறுமனே சுற்றும் தகட்டின் மெல்லிய உறுமல் கேட்காது. ஆகவே காதை நம்பாதீர்கள், கண்ணை நம்புங்கள். என் எந்திரத்தில் கயிறு இழுக்கும் மேல்மூடியில் துளைகள் உண்டு. அதன் வழியே ஃப்ளைவீல் என்னும் கனத்த சக்கரம் சுற்றுவது தெரியும். அதுவும் சுழலியும் ஒரே தண்டில் இருப்பதால் அது நின்றால் இதுவும் நின்றது. அப்படிப் பார்க்க வழியில்லாவிட்டால் பையைக் கழற்றாமல், எங்கும் குனியாமல், நிதானமாக முப்பது வரை எண்ணுங்கள்.

எண்ணி முடித்தபின்னும் கை வைக்கக் கூடாது. ஸ்பார்க் பிளக்கின் ஒயரைப் பிடுங்கி, பிளக்கைத் தொடாதபடி ஒதுக்கி வைக்க வேண்டும். இதைச் சொன்னால் பலர் "பேட்டரியே இல்லாத எந்திரம், தானாக எப்படி ஓடும்?" என்று கேட்கிறார்கள். பேட்டரி தேவையில்லை என்பதுதான் ஆபத்தே. ஃப்ளைவீலில் காந்தம் பதித்திருக்கிறது. அது பக்கத்திலிருக்கும் கம்பிச் சுருளைக் கடந்து போகும் ஒவ்வொரு முறையும் பொறிக்கான மின்சாரம் உண்டாகும். அடைப்பை எடுக்கும்போது நீங்கள் சுழலியைக் கையால் நகர்த்தினால் தண்டும் திரும்புகிறது, பிஸ்டனும் நகர்கிறது, காந்தமும் நகர்கிறது. சிலிண்டரில் கொஞ்சம் பெட்ரோல் ஆவி மிச்சமிருந்து, நிறுத்தும் சுவிட்சும் பழுதாகியிருந்தால், ஒரே ஒரு வெடிப்பு போதும். பழைய எந்திரத்தின் சுவிட்சை நான் நம்பமாட்டேன். ஒயரைப் பிடுங்க ஐந்து விநாடி ஆகும். அதன் பிறகும் கையை விடாமல் குச்சியையே விடுங்கள். அந்த வெட்டுப்பட்ட மட்டையைத்தான் நான் இன்றும் அதற்கு வைத்திருக்கிறேன்.

அடைப்பே வராமல் பார்த்துக்கொண்டால் இந்த வேலை பாதி மிச்சம். சருகு காய்ந்திருக்க வேண்டும். கையில் எடுத்து நொறுக்கினால் நொறுங்க வேண்டும். காலைப் பனி உலர்ந்து, பதினொரு மணிக்கு மேல் தொடங்குவது என் வழக்கம். வாயின் உயரத்தைக் குவியலுக்கு ஏற்ப மாற்றுங்கள். எல்லோரும் செய்யும் தவறு, முழங்கால் உயரக் குவியலுக்குள் எந்திரத்தை முட்டித் தள்ளுவது. சருகைத் தூக்கிக்கொண்டு போவது காற்றுதான். வாயை முழுக்கப் புதைத்துவிட்டால் காற்று வர வழியில்லை, உடனே அடைத்துக்கொள்ளும். குவியலைப் பரப்பிவிட்டு, மெதுவாக நடந்து, ஓரத்திலிருந்து தின்னக் கொடுங்கள்.

சரளைக்கல் பாதையில் இதை ஓட்டவே வேண்டாம். கல் உள்ளே போனால் தகட்டில் பட்டுப் பையை நோக்கிப் பறக்கும். அந்தப் பைதான் உங்களுக்கும் கல்லுக்கும் நடுவே இருக்கும் ஒரே தடுப்பு. தையல் விட்டிருந்தால், துணி நைந்திருந்தால், தைத்துச் சமாளிக்காமல் புதிது வாங்குங்கள். பழைய எந்திரம் என்பதால் முதல் செலவு அநேகமாக இதுவாகத்தான் இருக்கும். பை இல்லாமல் "ஒரு நிமிஷம்தானே" என்று ஓட்டுவது மகா முட்டாள்தனம். குழந்தைகளையும் நாயையும் வீட்டுக்குள் அனுப்பிவிடுங்கள். என் எந்திரத்தின் கையேடு 75 அடி தள்ளி நிற்கச் சொல்கிறது, நம் மனையில் அவ்வளவு தூரம் வேண்டுமென்றால் வீட்டுக்குள்தான் போக வேண்டும். சரிவில் ஓட்டுவதானால் குறுக்காக ஓட்டுங்கள், ஏற்ற இறக்கமாக வேண்டாம். சறுக்கினால் எந்திரத்தின் மேல் விழக்கூடாது பாருங்கள்.

கிளை அரைக்கும் குழாய் வேறு கதை. ஊரில் கரும்புச்சாறு பிழியும் எந்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். கரும்பை உருளை மெதுவாக இழுத்துக்கொள்ளும், கடைக்காரர் கையைச் சாவகாசமாக எடுத்துக்கொள்வார். இது அப்படியில்லை. கத்தி கிளையைக் கவ்வியதும் வெடுக்கென்று இழுக்கும், சில சமயம் உதைத்துத் திருப்பியும் தள்ளும். அதனால் குழாய்க்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நிற்க வேண்டும். அடிப்பக்கத்தை முதலில் நுழைத்து, பிடித்ததும் விட்டுவிட வேண்டும். கவர்விட்ட கிளைகளை முன்பே கழித்துவிடுங்கள். பக்கக் கிளை சட்டைக் கையில் சிக்கினால் அது கையையும் கூட்டிக்கொண்டு போகும். கடைசித் துண்டைக் கையால் தள்ளாமல் அடுத்த கிளையால் தள்ளுங்கள். தடிமன் எவ்வளவு என்பது எந்திரத்துக்கு எந்திரம் மாறும். ஒன்றரை அங்குலம் தாங்குவதும் உண்டு, மூன்று அங்குலம் தாங்குவதும் உண்டு. எந்திரத்தின் உடம்பில் ஒட்டியிருக்கும் தகட்டில் மாடல் எண் இருக்கும். அதைத் தயாரித்தவரின் இணையதளத்தில் கொடுத்தால் கையேடு பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கும். ஓட்டுவதற்கு முன் அதை இறக்கிக்கொள்ளுங்கள்.

உடை விஷயத்தில் எங்கள் ஊர் மாவு மில்காரர்தான் எனக்கு ஆசான். கழுத்தில் துண்டோடு பெல்ட் பக்கம் யார் வந்தாலும் திட்டித் துரத்துவார். இங்கே துண்டுக்குப் பதில் தலைமூடி வைத்த சட்டையின் தொங்கும் கயிறு. அதை உருவி எறிந்துவிடுங்கள். கையுறை மணிக்கட்டில் கச்சிதமாக இருக்க வேண்டும், அகல வாய் வைத்தது கூடாது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, மூடிய காலணி, தூசிக்கு முகக்கவசம். துப்பட்டாவோடு உதவிக்கு வந்த என் மனைவியை நான் திருப்பி அனுப்பியதில் அன்று காபி கிடைக்கவில்லை, பரவாயில்லை.

அரைக்கும் முன் சருகுக்குள் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். நம் பகுதியில் மூன்று மூன்று இலையாக மரத்தைச் சுற்றிப் படரும் நச்சுக்கொடி ஒன்று உண்டு, பாய்சன் ஐவி என்பார்கள். நம் ஊர்ச் சேராங்கொட்டையின் குடும்பம்தான். பட்டால் தோல் அதேபோல வெந்து கொப்புளிக்கும். காய்ந்த கொடியிலும் அதன் நச்சு எண்ணெய் வீரியத்தோடு இருக்கும். அதை அரைத்தால் தூளாக்கி உங்கள் முகத்திலேயே தூவிக்கொள்வதாகும். கருப்பு வால்நட் மர இலை வேறு வகைத் தொல்லை. அரைக்கலாம், ஆனால் அந்தத் தூளைத் தக்காளிப் பாத்திக்குப் போடாதீர்கள். அந்த மரம் சுரக்கும் ஒரு பொருள் தக்காளியை வாட்டிவிடும்.

இனிப் பராமரிப்பு. சின்ன எஞ்சின், எளிய தேவைகள். ஒவ்வொரு முறையும் ஓட்டும் முன் ஆயில் அளவைப் பாருங்கள். எந்திரம் கைமாறி வந்திருப்பதால் உள்ளே இருப்பதை வடித்துவிட்டுப் புது ஆயிலோடு தொடங்குவது நல்லது, பெரும்பாலும் எஸ்.ஏ.இ. 30 என்ற தடிமன் எண் போட்டது, இந்த அளவு எஞ்சினுக்குச் சுமார் 600 மில்லி போதும். பிறகு 50 மணி நேரத்துக்கு ஒருமுறை அல்லது வருடத்துக்கு ஒருமுறை. ஏர் ஃபில்டர் இந்த வேலையில் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், நான் மூன்று நான்கு வாரயிறுதிக்கு ஒருமுறை கழற்றித் தட்டுகிறேன். சாய்த்து அடிப்பக்கம் பார்ப்பதானால் ஏர் ஃபில்டர் மேலே இருக்கும்படி சாய்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஆயில் அதற்குள் இறங்கி அடுத்த முறை வெள்ளைப் புகை கக்கும்.

பெட்ரோலில்தான் பல எந்திரங்கள் செத்துப்போகின்றன. பத்து விழுக்காட்டுக்கு மேல் எத்தனால் கலந்ததை இதில் ஊற்றக் கூடாது. ஒரு மாதத்துக்கு மேல் கிடந்த பெட்ரோலையும் ஊற்ற வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் தொட்டியில் விட்டுப்போனது இருந்தால் முதலில் அதை வெளியேற்றுங்கள். நம் மாநிலத்தில் பங்கில் ஊழியர்தான் நிரப்ப வேண்டும் என்று சட்டம். அவர் அவசரத்தில் கேனைக் கார் டிக்கியில் வைத்தபடியே நிரப்ப வருவார். கேனைத் தரையில் இறக்கி வைத்துத்தான் நிரப்ப வேண்டும், நிலைமின்சாரம் பொறி தட்டாமல் இருக்க. சூடான எஞ்சினில் ஊற்றாதீர்கள், பத்துப் பதினைந்து நிமிடம் ஆறட்டும். அந்த இடைவெளியில் சைலன்சரைச் சுற்றி ஒட்டியிருக்கும் சருகுத் தூளைத் தூரிகையால் தட்டிவிடுங்கள். காய்ந்த தூளும் சுட்ட இரும்பும் பக்கத்தில் இருந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. பையில் அரைத்ததை இரவு முழுக்க விட்டுவைக்க வேண்டாம். ஈரம் இருந்தால் புளித்துச் சூடாகும், துணியும் மக்கும். கராஜுக்குள் ஒரு நிமிடம்கூட எஞ்சினை ஓட்டாதீர்கள், கதவு திறந்திருந்தாலும் சரி. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனை கிடையாது.

கத்தியை நான் தீட்டுவதில்லை. கிளை சீவலாக வராமல் நார் நாராகக் கிழிந்து வந்தால் மழுங்கிவிட்டது என்று அர்த்தம். சமமாகத் தீட்டாவிட்டால் எடை மாறி அதிரும், போல்ட்டைச் சரியான இறுக்கத்தில் பூட்டவும் கருவி வேண்டும். மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுகிறேன். ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று புதிதாக அதிர்வு வந்தாலும் உடனே நிறுத்தி அவரிடம்தான். தண்டு வளைந்திருக்கலாம்.

இவ்வளவு தொல்லை எதற்கு, ஊதித் தள்ளித் தெருவோரம் குவித்துவிட்டால் நகராட்சி எடுத்துப்போகாதா என்றும் கேட்டிருந்தீர்கள். பல ஊர்களில் எடுப்பார்கள், சில ஊர்களில் காகிதப் பையில் கட்டி வைக்கச் சொல்வார்கள். சாதாரணக் குப்பையோடு சேர்த்தால் மட்டும் வாங்கமாட்டார்கள், சட்டப்படி இங்கே சருகு குப்பைக்கிடங்குக்குப் போகக் கூடாது. எட்டு மடங்கு சுருங்கும் என்று விளம்பரங்களில் போடுவார்கள். காய்ந்த ஓக் இலையில் கிட்டத்தட்ட அது வந்துவிடும். எனக்கு அந்தத் தூள்தான் காரணம். குவித்து வைத்தால் அடுத்த கோடைக்குள் மக்கிக் கறுத்துவிடும். பனிக்காலம் முழுக்க ஜன்னலோரம் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும் என் கறிவேப்பிலைத் தொட்டிக்கு மே மாதம் இரண்டு கை போடுகிறேன்.