41 கிலோ லப்ரடோர்: பவுடரை விடுங்கள், பிஸ்கட்டை எண்ணுங்கள்

திருகோணமலை உவர்மலையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "எங்கள் லப்ரடோருக்கு ஆறு வயது. கருத்தடை செய்த பெண் நாய். நிறை 41 கிலோ. படியேறினால் மூச்சு வாங்குகிறது. இரண்டு நேரம்தான் சாப்பாடு, ஆனாலும் மெலியவில்லை. கடைக்காரர் 'கொழுப்புக் கரைக்கும் பவுடர்' எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?"

வாங்காதீர்கள். நாய்களின் பருமனுக்கென அமெரிக்காவில் 2007இல் ஒரு மருந்துக்கு அனுமதி கிடைத்தது. பிறகு அதுவே விற்பனையில் இல்லாமல் போய்விட்டது. அப்படியிருக்க, என்ன கலந்தது என்று எழுதாத டப்பாவை நம்பி எப்படி வாயில் வைப்பது? அதைத் தின்று பேதியாகி வந்த நாய்களை நான் பார்த்திருக்கிறேன். உடம்பில் நீர் வற்றி நிறை குறையும். அதைக் காட்டி அடுத்த டப்பாவையும் விற்றுவிடுவார்கள். கொண்டுவந்து போடும் முகவருக்கும் அதில் பங்கு. அதிகாரிகளிடம் முறையிடப் போனால் "எழுத்தில் தாருங்கள்" என்பார்கள். எழுத்திலும் கொடுத்தேன், ஒருவரும் வந்து பார்க்கவில்லை. மிருகம் வாய் திறந்து சொல்லாது என்ற துணிச்சல்தான்.

இரண்டு நேரச் சாப்பாட்டில் பிழை இல்லாமல் இருக்கலாம். நடுவில் யார் யார் கொடுக்கிறார்கள்? போன மாதம் ஒரு அம்மம்மா நாயோடு வந்திருந்தார். "ஒரு பருக்கை சோறும் குடுக்கிறேல்ல தம்பி" என்று சொல்லும்போதே நாயின் மூக்கு அவர் சேலைத் தலைப்பிலேயே நின்றது. முடிச்சை அவிழ்த்தால் மாரி பிஸ்கட். ஒன்றில் ஏறக்குறைய 25 கலோரி. பத்துக் கொடுத்தால் 250. உங்கள் நாய் இருக்க வேண்டிய நிறை சுமார் 30 கிலோ. மெலிவதற்கு அதற்கு ஒரு நாளைக்கு 900 கலோரி போதும். கருத்தடைக்குப் பிறகு உடம்புக்குத் தேவை குறைகிறது, கோப்பையோ குறைவதில்லை.

ஆகவே ஒரு நாளைக்குச் சோறு 250 கிராம், முள் நீக்கி அவித்த மீன் 300 கிராம், ஒரு முட்டை, பூசணியும் போஞ்சியும் 200 கிராம். எல்லாவற்றையும் சமையலறைத் தராசில் நிறுத்து இரண்டு நேரத்துக்குப் பிரித்துக் கொடுங்கள். சொதி ஊற்ற வேண்டாம், தேங்காய்ப்பாலோடு வெங்காயமும் சேர்ந்து வரும். வெங்காயம் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். மாதக்கணக்கில் இது மட்டும் என்றால் கல்சியம் போதாது, உங்கள் வைத்தியரிடம் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். பட்டினி மட்டும் போடாதீர்கள். வாரத்துக்கு 400 கிராம் குறைந்தால் சரி. அப்படியென்றால் ஆறேழு மாதம்.

நிறுப்பதற்கு அரிசிக் கடை மேடைத் தராசுக்குத்தான் கூட்டிப்போக வேண்டியிருக்கும். மிருக வைத்தியசாலையில் பெரிய நாய் ஏறி நிற்க ஒரு தராசு வைக்கக்கூட எங்கள் பக்கத்தில் காசு ஒதுக்கமாட்டார்கள்.

நடையை விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள். வைகாசி முதல் புரட்டாதி வரை கடல் அடங்கியிருக்கும், உப்புவெளியில் நீந்த விட்டால் மூட்டு நோகாது. குடிநீர் கொண்டுபோங்கள், தாகத்தில் கடல்நீரைக் குடித்துவிடும்.

ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வேன். விலாவைத் தடவிப் பாருங்கள். புறங்கையைத் தடவும்போது எலும்பு தட்டுவதுபோல் மெல்லத் தட்டினால் நிறை சரி. தேடித் தேடி அழுத்த வேண்டியிருந்தால் கொழுப்பு. ஆனால் விலாவும் முதுகெலும்பும் துருத்திக்கொண்டு வயிறு மட்டும் பானைபோல் இருந்தால் அது கொழுப்பே அல்ல. வயிற்றில் நீர் கோர்த்திருக்கலாம், ஈரலோ இதயமோ காரணமாக இருக்கலாம். அந்த நாய்க்குச் சாப்பாட்டைக் குறைத்தால் அது செத்தும் போகலாம். பெரிய வயிற்றைப் பார்த்ததும் "குண்டு" என்று முடிவெடுக்காதீர்கள், கையை வைத்துப் பாருங்கள். சந்தேகமென்றால் அன்றைக்கே வைத்தியரிடம் போங்கள்.

உங்கள் நாய்க்கு நான்கு வாரம் நிறையை எழுதி வாருங்கள். பிஸ்கட்டை நிறுத்தியும் 41 அசையாவிட்டால் இரத்தம் எடுத்துத் தைரொயிட் பார்க்க வேண்டும்.