நடுவில் ஒரு காலியிடம்

வணக்கம் சார்,

நீங்கள் எழுதியதைப் பார்த்துத்தான் பதினாறாம் நூற்றாண்டு பிரெஞ்சு எழுத்தாளர் மொந்தேனின் கட்டுரைகளை ஆங்கிலத்தில் வாங்கினேன். முதல் நூலின் 28ஆவது கட்டுரை நட்பைப் பற்றியது. முடிவில், ‘இந்தப் பதினாறு வயதுப் பையன் பேசுவதைக் கேட்போம்’ என்கிறார். உடனே, அது வேண்டாம், அவன் கவிதைகளைத் தருகிறேன் என்கிறார். அடுத்த கட்டுரையின் தலைப்பு ‘லா போயெசியின் இருபத்தொன்பது சானெட்டுகள்’. சானெட் என்றால் பதினாலு வரிக் கவிதை. உள்ளே ஒரு கவிதைகூட இல்லை. ஒரு சீமாட்டிக்கு எழுதிய சமர்ப்பணமும், ‘இவற்றை வேறு இடத்தில் காணலாம்’ என்று ஒரு வரியும்தான். என் பிரதியில் பக்கம் விட்டுப்போனதா? இல்லை, இவர் எழுதியதைத் திரும்பப் படிக்கவே மாட்டாரா? பல இடங்களில் முன்னுக்குப் பின் முரணாகவும் பேசுகிறார்.

கே., திருச்சி

அன்புள்ள கே.,

பக்கம் எதுவும் விட்டுப்போகவில்லை. இன்றைய பதிப்புகள் பலவற்றிலும் அந்த இடம் அப்படித்தான் இருக்கும். திரும்பப் படிப்பதைப் பற்றிக் கேட்டீர்களே, தன் புத்தகத்தையே இருபது வருடம் படித்துக்கொண்டும் எழுதிக்கொண்டும் இருந்த மனிதர் அவர்.

முதல் இரண்டு நூல்கள் 1580இல் பிரான்சின் போர்தோ நகரில் அச்சாயின. 1588இல் மூன்றாவது நூலோடு பாரிஸ் பதிப்பு வந்தது. பழைய கட்டுரைகளுக்குள்ளும் நூற்றுக்கணக்கான புது வரிகள் நுழைந்திருந்தன. அந்தப் பதிப்பின் பிரதி ஒன்றை எடுத்து, 1592இல் இறக்கும்வரை ஓரங்களில் எழுதிக்கொண்டே இருந்தார். அது இன்றும் போர்தோ நகர நூலகத்தில் இருக்கிறது. பின்னாளில் பைண்டு செய்தவர் ஓரத்தை வெட்டியதில் அவர் கையெழுத்தும் கொஞ்சம் போய்விட்டது. நினைத்தால் மனசு பதறுகிறது.

நல்ல பதிப்புகளில் வரிகளுக்கு நடுவே ஏ, பி, சி என்று சிறிதாகப் போட்டிருப்பார்கள். ஏ என்றால் 1580, பி என்றால் 1588, சி அதற்குப் பிறகு கையால் எழுதியது. முரணாகத் தெரிந்த இடங்களை இந்த எழுத்துகளோடு வைத்துப் பாருங்கள். பல இடங்களில் நாற்பத்தேழு வயதுக்காரரும் ஐம்பத்தெட்டு வயதுக்காரரும் ஒரே பத்தியில் பேசிக்கொண்டிருப்பார்கள். ‘நான் சேர்க்கிறேன், திருத்துவதில்லை’ என்று அவரே சொல்கிறார்.

ஆனால் நீங்கள் கைவைத்திருப்பது அவர் அடித்துத் திருத்திய இடத்தில்.

நட்புக் கட்டுரையில் வரும் அந்த நண்பர் எத்தியென் தெ லா போயெசி, போர்தோ நீதிமன்றத்தில் மொந்தேனோடு வேலை பார்த்தவர். பார்க்கும் முன்பே ஒருவரைப் பற்றி ஒருவர் கேள்விப்பட்டுத் தேடிக்கொண்டிருந்தோம் என்கிறார் மொந்தேன். 1563 ஆகஸ்டில் லா போயெசி நோயில் விழுந்து இறந்தார். வயது 32. கடைசிவரை கட்டிலருகே இருந்த மொந்தேனுக்கு 30. அந்த நாட்களைப் பற்றித் தன் அப்பாவுக்கு அவர் எழுதிய நீண்ட கடிதம் இருக்கிறது. ‘எனக்கு ஓர் இடம் கொடு’ என்று சாகும் தறுவாயில் நண்பர் கெஞ்சுகிறார். ஜன்னியோ என்று பயந்து மொந்தேன் சமாதானம் சொல்கிறார்: மூச்சு விடுகிறாய், பேசுகிறாய், உடம்பு இருக்கிறது, அப்படியானால் உனக்கு இடமும் இருக்கிறது. நண்பர் சொல்கிறார்: ‘இருக்கிறது, ஆனால் எனக்கு வேண்டியது அந்த இடம் இல்லை.’

சரி, இப்போது 28ஆவது கட்டுரையின் தொடக்கத்துக்குப் போங்கள். ஓர் ஓவியர் சுவரின் நடுவில் நல்ல இடமாகப் பார்த்துப் படத்தை வரைகிறார். சுற்றியுள்ள வெற்றிடத்தைக் கொடியும் விசித்திர உருவங்களுமாக நிரப்புகிறார். என் கட்டுரைகள் அந்தக் கொடிகள், நடுப்படத்தை லா போயெசியிடம் கடன் வாங்குகிறேன் என்கிறார் மொந்தேன். முதல் நூலில் மொத்தம் 57 கட்டுரைகள். 29ஆவதுதான் சரியான நடு. இந்தப் பக்கம் 28, அந்தப் பக்கம் 28.

அங்கே வைக்க நினைத்தது, லா போயெசி இளவயதில் எழுதிய, தாமாக விரும்பி ஏற்கும் அடிமைத்தனத்தைப் பற்றிய நூல். ஒரு கொடுங்கோலனை இத்தனை பேர் ஏன் சுமக்கிறார்கள் என்று கேட்கும் நூல். 1572இல் பிரான்சில் புராட்டஸ்டண்டுகள் ஆயிரக்கணக்கில் படுகொலை செய்யப்பட்டார்கள். அதன் பிறகு அவர்கள் தரப்பினர் அந்த நூலை அரசனுக்கு எதிராக அச்சிட்டுவிட்டார்கள். நண்பனைக் கலகக்காரன் என்பார்களே என்று மொந்தேன் அதை எடுத்துவிட்டு சானெட்டுகளை வைத்தார். ‘பதினெட்டு வயது’ என்று அச்சாகியிருந்ததை, ஓரங்களில் எழுதிவந்த அந்தப் பிரதியில் ‘பதினாறு’ என்று மாற்றினார். ஒரு சிறுவனைக் காப்பாற்றுவதுபோல. அப்புறம் அதே பிரதியில் சானெட்டுகளையும் கோடு போட்டு அடித்தார். நீங்கள் பார்த்த ஒற்றை வரி அப்போது எழுதியது.

ஏன் அடித்தார்? இளவயதுக் காதல் கவிதைகள் அந்த இடத்துக்குப் போதவில்லை என்று அவருக்கே தெரிந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இப்படி நினைக்க எனக்குக் காரணம் அதே பிரதியின் இன்னொரு ஓரம். அவனை ஏன் நேசித்தேன் என்று கேட்டால் சொல்ல முடியாது என்று 1580இல் எழுதி முற்றுப்புள்ளி வைத்திருந்தார். நண்பர் இறந்து கால் நூற்றாண்டு கழித்து, அந்த ஓரத்தில் சேர்த்தார்: ‘அவன் அவனாக இருந்ததால்.’ பிறகு வேறொரு சமயம்: ‘நான் நானாக இருந்ததால்.’ இரண்டு பாதிக்கும் மை வேறு. முதல் பாதி எழுதி, இரண்டாவது பாதி கிடைக்கும்வரை அவர் காத்திருந்திருக்கிறார்.

நட்புக் கட்டுரையை இன்னொரு முறை எடுங்கள். இந்த முறை சி என்று போட்ட வரிகளை மட்டும் முதலில் படியுங்கள். அதன் பிறகு மூன்றாம் நூலின் கடைசிக் கட்டுரை, அனுபவத்தைப் பற்றியது. படித்துவிட்டு எழுதுங்கள்.