மருத்துவர் பதில்: பில்லைப் பார்க்கிறேன், மனசில் ஏற மாட்டேன் என்கிறது

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு வயது 41. மதுரை கீழமாசி வீதியில் ஒரு பலசரக்கு மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன், பழகின வேலைதான். ஆறேழு மாதமாக, 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் ஜிஎஸ்டி தாக்கலுக்கு நெருங்கினாலே நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வேர்க்கிறது. ஒரே பில்லை நாலு தடவை பார்த்தாலும் மனசில் ஏறுவதில்லை. போன வாரம் 6,450-ஐ 4,650 என்று டேலி கணக்கு மென்பொருளில் ஏற்றிவிட்டேன். நடுவில் போன், வாட்ஸ்அப் ஆர்டர், லோடுமேன் கூப்பாடு வேறு. மகள் பிளஸ் டூ படிக்கிறாள். அவள் புத்தகத்தை மூடும்வரை நானும் முழித்திருப்பதால் படுக்க 12.30 ஆகிவிடுகிறது, காலை 5 மணிக்கு எழுந்தாக வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்தாறு டீ. இது ஞாபகமறதி நோயின் ஆரம்பமா? தலைக்கு ஸ்கேன் எடுக்கட்டுமா? மருந்துக் கடையில் ஞாபக சக்தி மாத்திரை இருக்கிறது என்கிறார்கள். பக்கத்து வீட்டு அக்கா, தான் தூங்குவதற்குப் போடும் அல்பிரசோலம் மாத்திரையில் பாதி தந்தார். இரண்டு முறை போட்டேன். யோகா வகுப்புக்கெல்லாம் போக நேரமில்லை. உட்கார்ந்த இடத்திலேயே மனசை நிறுத்த ஏதாவது வழி சொல்லுங்கள்.
— பெயர் வேண்டாம், அனுப்பானடி, மதுரை

பதில்: முதலில் உங்கள் பெரிய பயத்துக்கு வருகிறேன். ஸ்கேன் இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இது ஞாபகமறதி நோய் மாதிரி இல்லை. நினைவு தேய்கிற நோய், இன்று 11-ஆம் தேதியா ஞாயிற்றுக்கிழமையா என்று நாள் பார்த்துத் தேயாது. அப்படிப்பட்ட நோயாளியை அநேகமாக வீட்டில் இருப்பவர்கள்தான் கூட்டிக்கொண்டு வருவார்கள். "எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்பார் அவர். நீங்களோ சரியான எண், தவறாக ஏற்றிய எண் இரண்டையும் ஒரு வாரம் கழித்துப் பிசகாமல் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் ஞாபகம் பத்திரமாக இருக்கிறது. அந்த பில் தலைக்குள் போன பிறகு மறந்துபோகவில்லை, உள்ளே போகவே இல்லை. அதனால் ஞாபக சக்தி மாத்திரையும் வேண்டாம். வாங்கியிருந்தால், பிரிக்காமல் இருந்தால், கேட்டுப்பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

உள்ளே ஏன் போகவில்லை? பார்த்த எண்ணைச் சில நொடிகள் பிடித்து வைத்திருப்பது, பக்கத்துச் சத்தத்தை ஒதுக்குவது, தப்பைக் கண்டுபிடிப்பது, இதெல்லாம் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளையின் வேலை. பதற்றத்தில் அட்ரினலின் சுரந்து இதயம் வேகமெடுக்கும்போது, மூளையிலும் சில ரசாயனங்கள் அளவுக்கு மீறிச் சுரந்து அந்தப் பகுதியின் பிடியைத் தளர்த்திவிடுகின்றன. யேல் பல்கலைக்கழகத்தின் ஏமி ஆர்ன்ஸ்டன் பல ஆண்டுகளாக இதைத்தான் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். மாடு முட்ட வந்தால் சட்டென்று விலகி ஓட அந்த நிலை நல்லது. ரிட்டர்ன் தாக்கல் செய்ய உதவாது. ஆகவே "கவனி, ஒழுங்கா கவனி" என்று உங்களையே அதட்டிக்கொள்வதில் பலனில்லை, படபடப்புதான் இன்னும் ஏறும். ஆடுகிற தராசில் எடை பார்க்க முடியாது என்பது உங்கள் கடைப் பையனுக்கே தெரியும். தட்டு நிற்கும்வரை கையை எடுத்துவிட்டு நிற்பான். உங்களுக்கும் அதுதான் முறை. முதலில் உடம்பு அடங்கட்டும், அப்புறம் பில்லைப் பார்க்கலாம்.

உடம்பை அடக்க நம் கையில் இருக்கிற சுலபமான கருவி வெளிமூச்சு. மூச்சை இழுக்கும்போது இதயம் சற்று வேகமாகவும், விடும்போது, மூளையில் இருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பின் வழியாகச் சற்று மெதுவாகவும் துடிக்கும். மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல மூச்சு விட்டால் பலருக்கு இது விரலிலேயே தெரியும். எனவே இழுப்பதைவிட விடுவதை நீளமாக்க வேண்டும், அவ்வளவுதான். "நல்லா இழுத்து விடும்மா" என்று பக்கத்தில் இருப்பவர்கள் சொல்வதைக் கேட்டு, பதற்றத்தில் பெரிது பெரிதாக வேகமாக இழுத்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, விரல் நுனியும் உதடும் மரத்து, தலை கிறுகிறுக்கும். அதைப் பார்த்து இன்னும் பயந்து, நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறவர்கள் உண்டு.

செய்கிற விதம் இது. நாற்காலியில் முதுகைச் சாய்த்து, இரண்டு பாதமும் தரையில் படும்படி உட்காருங்கள். செருப்பைக் கழற்றிவிட்டால் நல்லது. பல்லைக் கடித்துக்கொண்டிருப்பீர்கள், அதை விடுங்கள்; தோள் காதை நோக்கி ஏறியிருக்கும், இறக்குங்கள். மூக்கு வழியாக மனசுக்குள் நாலு எண்ணும்வரை சாதாரணமாக இழுங்கள். நெஞ்சு விம்ம வேண்டாம், வயிறு லேசாக முன்னே வந்தால் போதும். ஆறு எண்ணும்வரை மெல்ல விடுங்கள். நடுவில் அடக்கி வைக்க வேண்டியதில்லை. ஒரு மூச்சு முடிந்ததும் கட்டைவிரலால் சுண்டுவிரலின் அடிக்கணுவைத் தொடுங்கள், அடுத்த மூச்சுக்கு நடுக்கணு, அப்புறம் மேல்கணு. இப்படி நாலு விரலிலும் பன்னிரண்டு கணு. ஒரு மூச்சுக்குப் பத்து நொடி என்றால், கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் மேல்கணுவுக்கு வரும்போது சரியாக இரண்டு நிமிடம். கடிகாரம் வேண்டாம், செல்போன் ஆப் வேண்டாம், கை மேசைக்கடியில் இருந்தால் முதலாளிக்குக்கூடத் தெரியாது. ஒன்று மட்டும்: வத்தல் மூட்டை பிரிக்கிற நேரம் பார்த்து உட்காராதீர்கள், தும்மல்தான் மிச்சம்.

இரண்டு நிமிடம்கூட இல்லை, போன் அடித்துக்கொண்டே இருக்கிறது என்றால், மூக்கால் ஒரு முறை இழுத்து, விடாமல் அதன் மேலேயே இன்னொரு குட்டி இழுப்பு இழுத்து, வாய் வழியாக நீளமாக விடுங்கள். அழுது ஓய்ந்த குழந்தை தானாகவே செய்கிற பெருமூச்சுதான் இது. மூன்று முறை போதும். இந்தப் பெருமூச்சைத் தினமும் ஐந்து நிமிடம் என்று ஒரு மாதம் செய்தவர்களுக்கு, அதே அளவு தியானம் செய்தவர்களைவிட மனநிலை கூடுதலாகத் தெளிந்தது என்று ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023-இல் எழுதினார்கள். ஒரே ஒரு ஆய்வை வைத்துத் தியானத்தைக் குறை சொல்ல வேண்டியதில்லை. நேரமில்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சிலருக்கு மூச்சைக் கவனித்தாலே பயம் கூடும். நீங்கள் அப்படியென்றால் மூச்சை விட்டுவிட்டுச் சுற்றி இருப்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். மேசை இழுப்பறையின் இரும்புக் கைப்பிடி ஜில்லென்று இருக்கிறதா? மல்லி வாசனையா, சீரகமா? வெளியே போவது தள்ளுவண்டியா, குட்டியானையா? கண்ணில் படும் நாலைந்து பொருளின் பெயரை மனசுக்குள் நிதானமாகச் சொல்லுங்கள். "தாக்கல் முடியாமப் போச்சுன்னா" என்று நாளைக்கு ஓடிவிட்ட மனசு இப்போதைக்குத் திரும்பி வரும். முகத்தில் நாலு கை குளிர்ந்த தண்ணீர் அடித்துக் கழுவுவதும் இதயத் துடிப்பைக் கொஞ்சம் தணிக்கும். (இதய நோய் உள்ளவர்கள் ஐஸ் தண்ணீர் வைத்தியமெல்லாம் கேட்காமல் செய்யக் கூடாது.)

இவற்றை முதல்முதலாக 11-ஆம் தேதி காலையில் செய்து பார்த்துவிட்டு, "ஒண்ணும் கேக்கல டாக்டர்" என்று சொல்லாதீர்கள். பதற்றம் இல்லாத வேளையில் பழகியிருந்தால்தான் பதற்றத்தில் கைகொடுக்கும். மதியச் சாப்பாடு முடிந்து ஒரு தடவை, படுத்தபிறகு ஒரு தடவை, இரண்டு வாரம் செய்யுங்கள். ஸ்கூட்டியில் போகும்போது வேண்டாம்.

சரி, மனசு அடங்கிவிட்டது. அடுத்த நிமிடமே போன் வருகிறது. உங்கள் கடிதத்தில் நான் மிக முக்கியமாக நினைப்பது இந்த இடத்தைத்தான். ஒரு வேலையைப் பாதியில் விட்டு இன்னொன்றுக்குத் தாவும்போது, கவனத்தில் ஒரு பங்கு பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் இதைச் சோதித்துக் காட்டினார். பிறகு அவரே ஒரு மாற்றும் கண்டார்: தாவுவதற்கு முன் எங்கே விட்டோம், திரும்பி வந்து என்ன செய்ய வேண்டும் என்று குறித்துவைத்தால் அந்த ஒட்டல் குறைகிறது. அதனால் மேசையில் ஒரு நாற்பது பக்க நோட்டு வையுங்கள். போன் அடித்தால் அடிக்கட்டும். எடுப்பதற்கு முன் ஒரு வரி. "214 வரை ஏத்தியாச்சு, அடுத்து தூத்துக்குடி உப்பு பில், வரி சரிபார்க்கணும்." இவ்வளவுதான். ஐந்து நொடியில் யாரும் ஆர்டரை வேறு கடைக்குக் கொண்டுபோய்விட மாட்டார்கள். பேசி முடித்துத் திரும்பும்போது முந்திய பில்லில் இருந்து மறுபடி தேட வேண்டாம், அந்த வரியில் இருந்து தொடங்கலாம். எண்ணை ஏற்றும்போது வாய்க்குள் "ஆறாயிரத்து நானூத்தி அம்பது" என்று முழுசாகச் சொல்லிக்கொண்டே ஏற்றுங்கள். இலக்கம் இடம் மாறுவது இதில் வெகுவாகக் குறையும்.

முதலாளியிடமும் பேசத்தான் வேண்டும். தாக்கலுக்கு முந்தின மூன்று நாள், காலை 11 முதல் 12.30 வரை போனும் வாட்ஸ்அப்பும் கவுண்டரில் இருக்கும் இன்னொருவர் கையில் இருக்கட்டும் என்று கேளுங்கள். "மனசு சரியில்லை" என்று தொடங்க வேண்டாம். "ஒரு எண் மாறினா திருத்தம் போடணும், வட்டி கட்டணும்" என்று தொடங்குங்கள், உடனே புரியும். மூன்று ஆள் வேலையை ஒருவர் தலையில் வைத்துவிட்டு, அவருக்கு மூச்சுப் பயிற்சி மட்டும் சொல்லிக்கொடுப்பது நியாயமாக எனக்குப் படவில்லை.

தூக்கம் நாலரை மணி நேரம் என்கிறீர்கள். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். இந்தக் கடனை எந்தப் பயிற்சியும் அடைக்காது. மகள் பிளஸ் டூ படிக்கிற பெண். நீங்கள் பக்கத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதால் அவளுக்கு ஒரு மார்க்கும் கூடப்போவதில்லை. ஃபிளாஸ்கில் பால் வைத்துவிட்டு 10.30-க்குப் படுங்கள். படுக்கும் முன் ஐந்து நிமிடம், நாளைக்குச் செய்ய வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிவிடுங்கள். அப்படி எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சீக்கிரம் தூங்கினார்கள் என்று பேய்லர் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2018-இல் வந்தது. மதியம் 3 மணிக்கு மேல் டீ வேண்டாம். குடித்த காஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஐந்து மணி நேரம் போல ஆகும், அதுவும் படபடப்பைத் தூண்டுகிற சரக்கு. ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலிக்கும், வாரத்துக்கு ஒரு கிளாஸ் வீதம் குறைத்துக்கொண்டே வாருங்கள். அனுப்பானடியில் இருக்கிறீர்கள், வண்டியூர் தெப்பக்குளம் பக்கத்தில்தான். ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். சாயங்காலம் கடையில் இருந்து வந்ததும், போனை வீட்டில் வைத்துவிட்டு இரண்டு சுற்று நடந்தால் போதும்.

அல்பிரசோலம் வேண்டவே வேண்டாம். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத மாத்திரை அது. தூக்கம் வரும்தான், ஆனால் மறுநாள் கவனம் மந்தமாகும், சீக்கிரம் பழக்கமாகவும் ஆகிவிடும். நீங்கள் இரண்டு முறையோடு நிறுத்திக்கொண்டால் ஒன்றும் ஆகாது. அந்த அக்கா தினமும் போடுகிறவர் என்றால் திடீரென்று நிறுத்தச் சொல்லாதீர்கள். அவர் தன் மருத்துவரிடம் கேட்டுப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

இவ்வளவு சொன்னாலும், படபடப்பு எல்லாமே மனசால் வருவது என்று நான் முடிவு கட்டவில்லை. 41 வயதுப் பெண்ணுக்கு ரத்தசோகையும் தைராய்டும் இதே மாதிரி வேடம் போடும். ஹீமோகுளோபின், தைராய்டுக்கான டிஎஸ்ஹெச், சர்க்கரை மூன்றும் பாருங்கள். சைவச் சாப்பாடு என்றால் வைட்டமின் பி12-ம் சேர்த்துப் பார்க்கலாம். ரத்த அழுத்தமும் பார்த்துக்கொள்ளுங்கள். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் அதற்கு முதலில் வைத்தியம். மாதவிலக்கில் அதிகம் போகிறதா, நாள் தள்ளிப்போகிறதா என்பதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். மாதவிடாய் நிற்கப்போகும் பருவத்திலும் தூக்கமும் கவனமும் சிதறுவது உண்டு.

நெஞ்சு வலி, வலி தோளுக்கோ தாடைக்கோ பரவுவது, மயக்கம், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே துடிப்பு தாறுமாறாவது, இவற்றில் ஒன்று வந்தாலும் கணு எண்ணிக்கொண்டு உட்கார வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் அழுகையாகவே வந்தாலோ, இருந்து என்ன பயன் என்று ஒரு முறை தோன்றினாலோகூட, அரசு ராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல ஆலோசனைச் சேவை) எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. தெரிந்த வழியே தப்பிப்போவது, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பதாக வீட்டில் சொல்வது என்று ஆனால், அப்போது நரம்பியல் மருத்துவரைப் பார்த்து ஸ்கேன் பற்றிப் பேசலாம்.

ரத்தப் பரிசோதனையை இந்த வாரமே முடித்துவிடுங்கள். அடுத்த 20-ஆம் தேதி தாண்டியும் படபடப்பு இதே அளவில் இருந்தால், பரிசோதனைத் தாளோடு உங்கள் பகுதி மருத்துவரைப் பாருங்கள். மேசையில் வைக்கச் சொன்ன அந்த நோட்டையும் கொண்டுபோனால், ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை உங்களை எழுப்பிவிடுகிறார்கள் என்று அவருக்கும் தெரியும்.