முதல் பக்கத்து எண்

அன்புள்ள ஐயா,

சேலத்தில் எலக்ட்ரானிக்ஸ் படித்து முடித்து ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை செய்கிறேன். ஏற்காட்டில் மாமாவின் காபி நாற்றங்காலுக்காக, மண் காய்ந்தால் தானே தண்ணீர் திறக்கும் கருவி ஒன்றைச் செய்தேன். குட்டிக் கணினியான இ.எஸ்.பி.32 போர்டு, மின்சாரத்தால் திறக்கும் 12 வோல்ட் சோலனாய்டு வால்வு, அதை இயக்க மின்சுவிட்சாக ஐ.ஆர்.எஃப்.540 மாஸ்ஃபெட், மண்ணில் குத்தும் இரண்டு முள் சென்சார். வீட்டு மேசையில் ஒரு மாதம் பழுதில்லாமல் ஓடியது. அதைப் பார்த்தே இன்னொன்று செய்தேன். அதில் மாஸ்ஃபெட் தொட முடியாமல் சுடுகிறது, வால்வும் சரியாகத் திறப்பதில்லை. தோட்டத்தில் வைத்த முதல் கருவியிலோ சென்சாரின் ஒரு முள் கரைந்தேபோய்விட்டது. நல்ல கம்பெனிப் பாகமாக வாங்கவில்லை என்கிறார்கள் நண்பர்கள். அதுதான் காரணமா?

வாசகர், சேலம்

அன்புள்ள நண்பருக்கு,

போலிப் பாகங்கள் சந்தையில் இருப்பது உண்மைதான். பழைய எழுத்தைச் சுரண்டிவிட்டுப் புது எழுத்து அச்சிட்டதை நானும் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன். ஆனால் உங்கள் மாஸ்ஃபெட் அசலாகவே இருந்தாலும் இப்படித்தான் சுட்டிருக்கும்.

பாகத்தைப் பற்றித் தயாரிப்பாளர் தரும் டேட்டாஷீட்டின் முதல் பக்கத்தில் 100 வோல்ட் தாங்கும், முப்பது ஆம்பியர் அளவுக்குக் கடத்தும், மின்தடை மில்லிஓம் கணக்கில்தான் என்று பார்த்திருப்பீர்கள். அரை ஆம்பியர் வால்வுக்கு இது தாராளம் என்று தோன்றியிருக்கும். அந்த மில்லிஓம் எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறது: மாஸ்ஃபெட்டைத் திறக்கும் முனையான 'கேட்'டில் 10 வோல்ட் கொடுத்தால். உங்கள் போர்டு கொடுப்பதோ 3.3 வோல்ட்.

'கேட் த்ரெஷோல்டு 2 முதல் 4 வோல்ட் வரை என்றுதானே போட்டிருக்கிறது' என்று கேட்பீர்கள். அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. வெறும் 250 மைக்ரோஆம்பியர் கசியும்போது அளந்த எண் அது. தாழ்ப்பாள் நீங்குகிற இடம்தான், கதவு இன்னும் திறக்கவில்லை. முதலில் கிடைத்த மாஸ்ஃபெட் 2 வோல்ட்டை ஒட்டித் தாழ் நீங்கும் ரகமாக இருந்திருக்கும், பிழைத்தீர்கள். இரண்டாவது 3 வோல்ட்டைத் தாண்டிய ரகம். இரண்டுமே டேட்டாஷீட் சொன்னபடிதான் நடந்துகொண்டிருக்கின்றன. வால்வுக்குப் போகவேண்டிய 12 வோல்ட்டில் 4 வோல்ட்டை மாஸ்ஃபெட் தானே விழுங்கினால், அரை ஆம்பியர் வால்வில் மூன்றில் ஒரு பங்கு ஆம்பியர்தான் ஓடும். அதற்கே ஒன்றேகால் வாட்டுக்கு மேல் சூடு. விரலுக்கு அது போதும்.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வாங்குகிற வியாபாரி எடையை மட்டும் கேட்டுக்கொண்டு பணத்தை எண்ணுவதில்லை, டச், அதாவது வெள்ளியின் தரம், எவ்வளவு என்று கேட்பார். எலக்ட்ரானிக்ஸ்காரர்கள் நாம் மட்டும் எடையைப் பார்த்தே வாங்கிவிடுகிறோம்.

ஏ.ஓ.3400ஏ என்று ஒரு மாஸ்ஃபெட் இருக்கிறது. எள்ளளவுதான், 30 வோல்ட்தான் தாங்கும். இரண்டின் முதல் பக்கத்தையும் அருகருகே வைத்தால் உங்கள் 540 முன்னால் நோஞ்சான். ஆனால் கேட்டில் 2.5 வோல்ட் கொடுத்தாலே 48 மில்லிஓமைத் தாண்டாது என்று எழுதியே கொடுக்கிறார்கள். அதைப் போடுங்கள். வால்வின் காயிலுக்குக் குறுக்கே ஒரு 1என்4007 டயோடு, கோடு போட்ட முனை 12 வோல்ட் பக்கமாக. இது இல்லாவிட்டால் வால்வு அணையும் ஒவ்வொரு முறையும் காயில் திருப்பி அடிக்கும் மின்னழுத்தத்தில் மாஸ்ஃபெட் மாண்டுவிடக்கூடும்.

முள் கரைந்தது மின்பகுப்பு. ஈரமண்ணில் இரண்டு உலோக முள்ளை நட்டு நாள் முழுக்க நேர்மின்சாரம் விட்டால் நேர்முனை கரையத்தான் செய்யும், எந்தக் கம்பெனி முள்ளாக இருந்தாலும். உலோகம் மண்ணைத் தொடாமலே அளக்கும் கெப்பாசிட்டிவ் வகை சென்சாருக்கு மாறுங்கள். அதிலும் போர்டின் வெட்டுவிளிம்பு வழியாகத் தண்ணீர் ஏறும், விளிம்பு முழுக்க எபாக்சி பூசிவிட்டு நடவேண்டும். எதுவானாலும் அளக்கிற நொடியில் மட்டும் மின்சாரம் கொடுங்கள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். அம்மாபேட்டையில் ஒரு விசைத்தறிக் கூடத்துக்கு நான் செய்த போர்டில், 105 டிகிரி என்று அச்சிட்ட கண்டன்சரை (மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பாகம்), மின்னழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டரின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்குக்கு ஒட்டினாற்போல் வைத்தேன். 105 வரை கவலையில்லை என்று நினைப்பு. அந்த ரகத்துக்கு உத்தரவாதம் 105 டிகிரியில் 2000 மணி நேரம். பத்து டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும்: 85 டிகிரியில் 8000 மணி, 65-இல் 32000. தகரக் கூரை, சித்திரை வெயில், ஓயாமல் ஓடும் தறி. ஒரு வருடத்துக்குள் கண்டன்சரின் தலை பூரிபோல உப்பி, மேலே கிழித்த கோடு வழியாகப் பழுப்பு நீர் வடிந்திருந்தது. மேசையில் வைத்து ஓட்டிப் பார்த்தேனே என்று நானும் அன்று சொன்னேன். இப்போது கண்டன்சரைச் சூட்டிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி வைக்கிறேன்.

உங்கள் கருவிக்கு ஏற்காட்டில் அந்தச் சூடு இல்லை, மூடுபனி இருக்கிறது. போர்டுக்குக் காப்புப்பூச்சு அடியுங்கள். வயர் நுழையும் ஓட்டையைப் பெட்டியின் அடிப்பக்கம் போடுங்கள், வயரை ஒரு வளைவு கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள். தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். ஓட்டையின் மிச்ச இடுக்கையும் அடைத்துவிடுங்கள். மலைத் தோட்டத்தில் பழுது என்று கூப்பிட்டு நான் திறந்த பெட்டிகளில் ரிலே என்ற சுவிட்சின் இரண்டு முனைக்கு நடுவில் செத்த எறும்புகளை எடுத்திருக்கிறேன். எறும்பைப் பற்றி எந்த டேட்டாஷீட்டிலும் இல்லை.