வீட்டு கராஜில் மஸ்டாங் 5.0: டிராக் ரேஸுக்கு எதிலிருந்து தொடங்குவது?

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறேன். 1990 மாடல் ஃபோர்டு மஸ்டாங் 5.0 வாங்கியிருக்கிறேன், ஐந்து கியர் மேனுவல். வீட்டு கராஜில் நானே வேலை செய்து, டிராக் ரேஸ் (நின்ற இடத்திலிருந்து கிளம்பி நேர்த் தடத்தில் கால் மைல் ஓட்டும் பந்தயம்) ஓட்ட ஆசை. இன்ஜினில் முதலில் எதை மாற்றுவது?

இன்ஜினில் இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். பின் டயர்களில் தொடங்குங்கள். அங்கிருந்து ஆக்ஸில், கியர், கிளட்ச் என்று முன்னோக்கி வந்து கடைசியில் இன்ஜினைத் தொடுங்கள். டெட்ராய்டு பக்கம் பல வருடங்களாக இருக்கிறேன். உங்களுடையதைப் போன்ற 1990 எல்எக்ஸ் கூபே (இரண்டு கதவு, தனி டிக்கி உள்ள வகை) ஒன்றை என் கராஜில் வைத்து இந்த வரிசையில்தான் செய்தேன். இங்கே ஃபோர்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டுப் பெரியவர் எனக்குச் சொல்லித்தந்த வரிசை அது. இன்றுவரை அதை மாற்றிச் செய்ய எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

உங்கள் கையில் இருப்பது நல்ல கார். 302 கன அங்குல வி8, தொழிற்சாலைக் கணக்கில் 225 ஹெச்.பி., 300 பவுண்டு-அடி டார்க் (முறுக்கு விசை). கூபே என்றால் எடையும் மூவாயிரம் பவுண்டை ஒட்டித்தான். 1990 என்பதில் இன்னொரு அதிர்ஷ்டமும் இருக்கிறது. 1989 முதல் இந்தக் காருக்கு மாஸ் ஏர் சென்சார் வந்துவிட்டது. உள்ளே வரும் காற்றை அது நேரடியாக அளப்பதால் பிறகு கேம் ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), சிலிண்டர் ஹெட் (வால்வுகள் இருக்கும் மேல் பகுதி) மாற்றினாலும் கம்ப்யூட்டர் ஓரளவு சமாளித்துக்கொள்ளும். கலிஃபோர்னியாவுக்கு வெளியே விற்ற 1987, 88 கார்கள் அழுத்தத்தை வைத்துக் காற்றைக் கணக்குப் போடுபவை. கேம் மாற்றினால் குழம்பிப்போகும். அப்புறம் 1992 வரை உள்ளே இருப்பது ஃபோர்ஜ்டு பிஸ்டன், அதாவது அடித்து உருவாக்கிய வலுவான வகை. இதெல்லாம் காசு கொடுக்காமலே உங்களுக்குக் கிடைத்திருக்கிறது.

சரி, முதல் வேலை. ஒரு ஸ்பானரைக்கூடத் தொடுவதற்கு முன் காரை இருக்கிறபடியே ரேஸ் தடத்துக்கு ஓட்டிக்கொண்டு போங்கள். பெரும்பாலான தடங்களில் வாரத்தில் ஒரு நாளாவது பொதுமக்கள் கட்டணம் கட்டி ஓட்டும் 'டெஸ்ட் அண்ட் டியூன்' மாலை இருக்கும். நான் போவது டெட்ராய்டுக்குத் தென்மேற்கே மைலன் என்ற ஊரில் உள்ள கால் மைல் தடம். ஓட்டி முடித்ததும் கையில் ஒரு சீட்டு தருவார்கள். அதில் விளக்கைப் பார்த்துக் கிளம்ப நீங்கள் எடுத்துக்கொண்ட நேரம், 60 அடி, 330 அடி, எட்டில் ஒரு மைல், 1000 அடி, கால் மைல் என்று ஒவ்வொரு இடத்திலும் ஆன நேரம், எல்லைக்கோட்டில் இருந்த வேகம் எல்லாம் இருக்கும். விளக்கைப் பார்த்துக் கிளம்பும் நேரம் கால் மைல் நேரத்தில் சேராது. சக்கரம் ஒளிக்கற்றையை விட்டு நகர்ந்த பிறகுதான் கடிகாரம் ஓடத் தொடங்கும். அதனால் முதல் நாள் பச்சை விளக்குக்காகப் பதற வேண்டாம்.

அந்தச் சீட்டில் இரண்டு எண்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். எல்லைக்கோட்டு வேகம் இன்ஜினின் பலத்தைச் சொல்லும். 60 அடி நேரம் டயரும் சஸ்பென்ஷனும் அந்தப் பலத்தைத் தரையில் இறக்குகிறதா என்று சொல்லும். இரண்டு மஸ்டாங்குகள் ஒரே 98 மைல் வேகத்தில் கோட்டைத் தாண்டலாம். ஒன்று 14.5 விநாடி, மற்றது 13.8 என்று காட்டும். இன்ஜின் பலம் இரண்டிலும் ஒன்றுதான், முழு வித்தியாசமும் கிளம்பிய இடத்தில் நடந்தது. 60 அடியில் பத்தில் ஒரு விநாடி மிச்சம் பிடித்தால் கால் மைல் முடிவில் அது ஒன்றரை மடங்காகவோ அதற்கும் மேலாகவோ வளர்ந்து நிற்கும். வட்டிக்கு முதல் போடுவது போல: முன்னால் போட்டது கடைசி வரை வந்துகொண்டே இருக்கும். ஆயிரக்கணக்கில் செலவழித்து இன்ஜினில் எடுக்கும் நேரத்தைப் பின்பக்கத்தில் சில நூறு டாலரில் எடுக்க முடிவது இதனால்தான்.

டயருக்கு வருவோம். 15 அங்குல வீல் ஒரு ஜோடி, அதில் 26 அங்குல உயரமுள்ள டிராக் ரேடியல். மெத்தென்ற ரப்பர், ஆனால் சாலையில் ஓட்டச் சட்டப்படி அனுமதி உண்டு. வீட்டிலிருந்து சாதா டயரில் போய், தடத்தில் இதை மாட்டி ஓட்டி, மறுபடி மாற்றிக்கொண்டு வருபவர்களும் உண்டு. காற்றை 18 பி.எஸ்.ஐ. பக்கம் இறக்கி, ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் ஒன்று ஒன்றாக ஏற்றி இறக்கி 60 அடி நேரத்தைப் பாருங்கள். நல்ல எண் எங்கே வருகிறதோ அதுதான் உங்கள் காருக்கு. பர்ன் அவுட் செய்யும் (கிளம்பும் முன் பின் டயரைச் சுற்றவிட்டுச் சூடேற்றும்) இடத்தில் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள். சாதா டயரோடு ஓட்டினால் அந்தத் தண்ணீரைச் சுற்றிக்கொண்டு போங்கள், பள்ளக் கோடுகள் உள்ள டயர் தண்ணீரைச் சுமந்துகொண்டு கிளம்பும் கோட்டுக்கே கொண்டுவந்துவிடும்.

டயர் பிடிக்க ஆரம்பித்ததும் இந்தக் காரின் உண்மையான பலவீனம் வெளியே வரும். இது தனி அடிச்சட்டம் (ஃபிரேம்) இல்லாத, தகடுகளால் ஆன உடல். பின் ஆக்ஸிலைப் பிடித்திருக்கும் கண்ட்ரோல் ஆர்ம்கள் உடலோடு சேரும் பெட்டி போன்ற இடங்களை டார்க் பாக்ஸ் என்பார்கள். பிடிப்புள்ள டயரோடு கிளட்சை விட்டுக் கிளம்பினால் அந்த இடத்தில் தகடு கிழியும், ஸ்பாட் வெல்டு பிரியும். காரைத் தூக்கி நிறுத்தி, டார்ச் அடித்து அங்கே விரிசல் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். வலுவூட்டும் தகடுகள் கிட்டாகவே கிடைக்கின்றன. முன் பின் சட்டப் பகுதிகளை இணைக்கும் சப்ஃபிரேம் கனெக்டரையும் அப்போதே வெல்டு செய்துவிடுங்கள். வெல்டிங் மட்டும் நன்றாகத் தெரிந்த ஆளிடம் கொடுங்கள், காரின் எடை சக்கரங்களின் மேல் இருக்கும்போது செய்யச் சொல்லுங்கள். தொங்கவிட்டு வெல்டு செய்தால் வளைந்த உடலை வளைந்தபடியே பூட்டியதாகிவிடும்.

இன்னொரு சின்ன வேலை எனக்கு ரொம்பப் பிடித்தது. கிளம்பும் நொடியில் டிரைவ் ஷாஃப்டின் (கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் தண்டின்) முறுக்கு ஆக்ஸிலைத் திருப்பி, வலது பின் சக்கரத்தைத் தூக்கப் பார்க்கும். வலது பின் ஸ்பிரிங்குக்குள் ஒரு காற்றுப் பையை வைத்துச் சில பி.எஸ்.ஐ. காற்று அடைத்தால் இரண்டு டயரும் சமமாகப் பதியும். மலிவான பொருள், ஒரு மதியத்தில் மாட்டிவிடலாம், கருப்புக் கோடுகள் இரண்டும் ஒரே நீளத்தில் விழுவதைப் பார்க்கும்போது அப்படி ஒரு நிறைவு.

அடுத்தது பின் ஆக்ஸிலின் கியர். சக்கரம் ஒரு சுற்று சுற்ற டிரைவ் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பதுதான் அதன் எண். மேனுவல் கார்களில் பெரும்பாலும் 2.73 அல்லது 3.08 தான் வந்தது. நெடுஞ்சாலையில் பெட்ரோல் மிச்சப்படுத்த வைத்தது. 3.73 மாட்டுங்கள். டி-5 கியர்பாக்ஸின் முதல் கியர் 3.35. அதை 2.73ஆல் பெருக்கினால் 9.15, 3.73ஆல் பெருக்கினால் 12.5. அதாவது அதே இன்ஜின் பின் சக்கரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதலாகத் தள்ளும். நெடுஞ்சாலையில் 70 மைல் வேகத்தில் ஐந்தாவது கியரில் 2,300 ஆர்.பி.எம். பக்கம் ஓடும், அது ஒன்றும் தொல்லை இல்லை. ஸ்பீடோமீட்டர் கியரையும் சேர்த்து மாற்ற மறக்க வேண்டாம். பினியன் (ஆக்ஸிலுக்குள் இருக்கும் சிறிய பல்சக்கரம்) ஆழம், பற்களுக்கு இடையே உள்ள இடைவெளி இரண்டையும் அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்கு என்ற அளவில் ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்துச் சரிசெய்ய வேண்டும். டயல் கேஜ் பிடித்துப் பழகியவர் பக்கத்தில் இருந்தால் வீட்டில் செய்யலாம், இல்லையென்றால் ஆக்ஸில் வேலை தெரிந்த கடையில் கொடுங்கள். தப்பாக அமைந்த கியர் முதலில் ஊளையிடும், அப்புறம் பல் போகும். ஆக்ஸிலைத் திறந்திருக்கும்போதே லிமிடெட் ஸ்லிப்பின் (இரண்டு பின் சக்கரத்தையும் சேர்ந்து சுற்றவைக்கும் அமைப்பு) கிளட்ச் தகடுகளைப் புதிதாக்கிவிடுங்கள். முப்பது வயது தாண்டிய காரில் அவை தேய்ந்துபோய், ஒற்றைச் சக்கரம் மட்டும் சுற்றும்.

கியர்பாக்ஸ் பற்றி ஒளிக்காமல் சொல்ல வேண்டும். டி-5 இதமாக மாறும் பெட்டி, ஆனால் 1990இல் வந்தது கிட்டத்தட்ட இந்த இன்ஜினின் டார்க் அளவுக்கே தாங்கும்படி செய்யப்பட்டது. நல்ல டயர், உயர்ந்த ஆர்.பி.எம்.மில் கிளட்சை உதறி விடுவது இரண்டும் சேர்ந்தால் மூன்றாவது கியர் முதலில் போகும். மெதுவாக நழுவவிட்டுக் கிளம்பப் பழகுங்கள், நிறைய காலம் வரும். பிற்காலத்துக்கு டிரெமெக் நிறுவனத்தின் கனமான கியர்பாக்ஸ் என்று காசு எடுத்து வையுங்கள். ஆக்ஸில் ஷாஃப்ட் 28 ஸ்ப்லைன் (முனையில் உள்ள பற்கள்), உள்ளே சி-கிளிப் என்ற சிறு வளையத்தில் நிற்பது. ஷாஃப்ட் உடைந்தால் சக்கரமே வெளியே வந்துவிடும். பதினொரு விநாடிப் பக்கம் போகும்போது 31 ஸ்ப்லைனுக்கு மாறுங்கள்.

எடை குறைப்பதற்குச் செலவே இல்லை. ஸ்டெப்னி, ஜாக்கி, பின் இருக்கை எல்லாம் தடத்தில் தேவையில்லை. 100 பவுண்டு குறைந்தால் பத்தில் ஒரு விநாடி என்பது ஓட்டுபவர்கள் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு.

என் கூபே எந்த மாற்றமும் இல்லாமல் பதினாலரை விநாடிப் பக்கம் ஓடியது. இதுவரை சொன்னதைச் செய்ததும் பதின்மூன்றரைக்கு வந்தது. இன்ஜினின் வால்வு கவரைத் திறக்கவே இல்லை.

இப்போது இன்ஜின். காசில்லாத வேலை முதலில்: இக்னிஷன் டைமிங், அதாவது ஸ்பார்க் பிளக் பொறி விடும் நேரம். டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்தில் ஸ்பவுட் என்ற சிறிய கனெக்டர் இருக்கும், அதைக் கழற்றிவிட்டு டைமிங் லைட்டில் பாருங்கள். தொழிற்சாலை அளவு 10 டிகிரி. 93 ஆக்டேன் போட்டு 14 வரை வைக்கலாம். நாக்கிங் சத்தம் கேட்டால் உடனே குறைத்துவிடுங்கள். கனெக்டரைத் திரும்ப மாட்டுங்கள். கியரை 5,000 ஆர்.பி.எம். பக்கமே மாற்றுங்கள். சாதா ஹெட் அதற்கு மேல் மூச்சு விடாது, இழுத்துப் பிடிப்பதில் சத்தம் மட்டும்தான் கூடும்.

அந்த ஹெட்தான் இந்த இன்ஜினின் தொண்டையடைப்பு. குறைந்த செலவில் நல்ல வழி பழைய கார் உடைக்கும் யார்டில் இருக்கிறது. 1990களின் பிற்பகுதியில் வந்த ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் 5.0 வண்டியின் ஜிடி-40 ஹெட்டும் இன்டேக்கும் (காற்றை உள்ளே கொண்டுவரும் குழாய்த் தொகுதி) அப்படியே உட்காரும். வால்வு ஸ்பிரிங்கை மட்டும் மாற்றுங்கள், எக்ஸ்ப்ளோரரின் ஸ்பிரிங் உங்கள் கேமுக்குப் பலம் போதாது. ஜிடி-40பி என்ற பிந்தைய வகை கிடைத்தால் ஸ்பார்க் பிளக் கோணம் வேறு, அதற்கென்று உள்ள ஹெடர் (புகை வெளியேறும் குழாய்கள்) வேண்டும். கையில் காசு இருந்தால் அலுமினிய ஹெட், கேம், இன்டேக் மூன்றையும் ஒன்றுக்கொன்று பொருத்தமாகச் சேர்த்து வாங்குங்கள். பெரிய கேம் என்றால் பிஸ்டன் மேல் களிமண் ஒட்டி இன்ஜினைக் கையால் சுற்றி, வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடையே எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்துவிட்டே மூடுங்கள்.

எரிபொருள் கணக்கையும் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் காரில் இருப்பது மணிக்கு 19 பவுண்டு இன்ஜெக்டர்கள். 250 ஹெச்.பி. தாண்டும்போது அவை எல்லையைத் தொடும். 24 பவுண்டு இன்ஜெக்டர், அதற்கேற்ற மாஸ் ஏர் மீட்டர், பெரிய பெட்ரோல் பம்ப் எல்லாம் ஹெட்டோடு சேர்ந்தே வர வேண்டும். பெட்ரோல் குறைந்து சூடேறினால் பிஸ்டன் போகும். மேல் எல்லையும் ஒன்று உண்டு. 500 ஹெச்.பி.யைத் தாண்டினால் இந்த 302 பிளாக்கே நடுவில் பிளக்கும். நைட்ரஸோ டர்போவோ வைக்க நினைப்பவர்கள் அந்த எண்ணைச் சுவரில் எழுதி வைக்கட்டும். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் கழற்றுவது மத்தியச் சட்டத்துக்குப் புறம்பானது. 

வீட்டில் வேலை செய்வதால் இதையும் கேளுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு நிமிடம்கூட அடியில் போகாதீர்கள். கான்கிரீட் தரையில் நான்கு ஸ்டாண்ட், காரை நன்றாக உலுக்கிப் பார்த்த பிறகே கீழே போக வேண்டும். பெட்ரோல் குழாயைக் கழற்றுவதற்கு முன் அழுத்தத்தை வெளியேற்றுங்கள், அதில் 40 பி.எஸ்.ஐ. பக்கம் நிற்கும். எங்கள் ஊர் மாதிரி குளிர் என்றால் கதவை மூடிவிட்டு இன்ஜினை ஓடவிடும் ஆசை வரும், செய்யவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. வீட்டுக்குள் போகும் கதவுக்குப் பக்கத்தில் அலாரம் ஒன்று மாட்டுங்கள், உள்ளே பிள்ளைகள் தூங்குவார்கள்.

தடத்தில் சோதனை செய்பவர்கள் பேட்டரி இறுக்கமாக இருக்கிறதா, எண்ணெய் ஒழுகுகிறதா, வீல் நட் சரியா என்று பார்ப்பார்கள். என்ஹெச்ஆர்ஏ (அமெரிக்க டிராக் ரேஸ் சங்கம்) விதிப்படி 13.99 அல்லது அதைவிடக் குறைந்த நேரத்துக்கு ஹெல்மெட், 11.49க்கு ரோல் பார் (கார் உருண்டால் காக்கும் இரும்புக் கம்பி), 9.99க்கு முழு ரோல் கேஜ் (அதே கம்பிகளால் ஆன கூண்டு). பேட்டரியை டிக்கிக்கு மாற்றினால் பின்னால் வெளியிலிருந்து அணைக்கும் சுவிட்ச் வேண்டும். டிரைவ் ஷாஃப்ட் லூப் கட்டாயம் ஆகும்வரை காத்திருக்காமல் டிராக் ரேடியல் வாங்கும் அன்றே மாட்டிவிடுங்கள். முன் யுனிவர்சல் ஜாயின்ட் உடைந்தால் ஷாஃப்ட் தரையில் குத்திக் காரையே தூக்கிவிடும், அதைத் தடுப்பது அந்த ஒரு இரும்பு வளையம்தான். ரோல் பார் வெல்டிங்கை வீட்டில் செய்து பழக வேண்டாம்.

டிரைவர் கதவு ஓர ஸ்டிக்கரில் ஆக்ஸில் குறியீடு இருக்கும். எம் என்றால் 2.73, இசட் என்றால் 3.08. அதைப் பார்த்துவிட்டு, முதல் மாலையின் சீட்டில் உள்ள 60 அடி நேரத்தையும் எல்லைக்கோட்டு வேகத்தையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த டாலரை எங்கே போடுவது என்று அந்த எண்களை வைத்துச் சொல்கிறேன்.