ரசீதில் இருப்பது "ரவிவர்மா படம்" மட்டும்தான்

கேள்வி: தக்கலை அருகே வசிக்கிறேன். ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இருபது ஆண்டுகளாகப் பழக்கமான பழம்பொருள் வியாபாரி ஒருவரிடம் 2024 மே மாதம் ராஜா ரவிவர்மாவின் சரஸ்வதி ஓவியத்தைப் பதினொரு லட்ச ரூபாய்க்கு வாங்கினேன். பழைய தறவாட்டு வீடு (பரம்பரைக் குடும்ப வீடு) ஒன்றை இடித்தபோது கிடைத்தது, கையால் வரைந்த அசல் என்றார். விலை ஏறியதும் விற்று மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். நான்கு லட்சம் வங்கி மூலமும் ஏழு லட்சம் ரொக்கமாகவும் கொடுத்தேன். சென்ற மாதம் திருவனந்தபுரத்திலிருந்து வந்த ஓவியப் பராமரிப்பு நிபுணர் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, இது அச்சுப்படம், மேலே பெயின்ட் தீட்டி வார்னிஷ் அடித்திருக்கிறார்கள் என்றார். ஒரு மூலையைத் தின்னரால் துடைத்துப் பார்த்தேன். அடியில் புள்ளிகள் தெரிகின்றன. மனைவி என்னோடு பேசுவதில்லை. சுசீந்திரம் கோயில் வாசலில் சத்தியம் செய்து விற்றவர், இப்போது படத்தைத் திருப்பித் தந்தால் ஆறு லட்சம் தருகிறேன் என்கிறார். அவரைச் சிறைக்கு அனுப்ப வேண்டும். பெங்களூருக்காரர் ஒருவர் ஒன்பது லட்சத்துக்குக் கேட்கிறார். பேசாமல் அவருக்குக் கொடுத்துவிடுங்கள் என்கிறார் மைத்துனர். ரசீதின் நகலை இணைத்திருக்கிறேன். விற்பதற்கு முன் வியாபாரி வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவு ஒன்றும் பழைய போனில் இருக்கிறது.

பதில்: ஐயா, உங்கள் கடிதம் ஏழு பக்கம். மேலே இருப்பது என் சுருக்கம். இருபது ஆண்டுப் பழக்கம், அவர் மகள் கல்யாணத்துக்கு நீங்கள் செய்த மொய், கோயில் வாசல் சத்தியம் ஆகியவற்றுக்கு நான்கு பக்கம் கொடுத்திருக்கிறீர்கள். அவற்றை நீதிமன்றம் படிக்காது. கொதிக்கும் நெய்யில் கை முக்கி உண்மை காணும் வழக்கம் சுசீந்திரத்தில் திருவிதாங்கூர் மன்னர் காலத்திலேயே ஒழிந்துவிட்டது. குரல் பதிவைப் பற்றிக் கடைசிப் பக்கத்தின் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வழக்கு மொத்தமும் அந்த ஒரு வரிதான்.

ஏனென்று சொல்கிறேன். ரசீதில் என்ன இருக்கிறது? "ரவிவர்மா படம் (பழையது) 1, ரூ. 4,00,000." நம் மாவட்டத்தில் ரவிவர்மா படம் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். பூஜை அறையில் சட்டம் போட்டு மாட்டிய லட்சுமி, சரஸ்வதி எல்லாமே ரவிவர்மா படம்தான். அவரே 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கித் தம் ஓவியங்களை ஓலியோகிராஃப் என்ற வண்ணக் கல்லச்சாக அடித்து வீடு வீடாகக் கொண்டு சேர்த்தார். அப்படியானால் உங்கள் கையில் இருப்பது போலியா? வியாபாரியின் வக்கீல் இல்லை என்பார். "ரவிவர்மா படம் என்று எழுதினேன், ரவிவர்மா படத்தைக் கொடுத்தேன். பழையது என்றேன், பழையதுதான்." ரசீதை மட்டும் வைத்துக்கொண்டு போனால் இந்த வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை.

விவரித்துச் சொல்லி விற்ற பொருள் அந்த விவரத்துக்குப் பொருந்த வேண்டும் என்பது 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு. ஆகவே கேள்வி, விற்கும்போது அவர் கொடுத்த விவரம் என்ன என்பதுதான். "கையால் வரைந்த அசல், அச்சு இல்லை" என்று அவர் குரலிலேயே, பணம் கைமாறுவதற்கு முந்தைய தேதியில் இருந்தால் உங்களுக்கு வழக்கு உண்டு. "நல்ல பழைய சாமான், சார், விடாதீர்கள்" என்று மட்டும் இருந்தால் இல்லை.

உங்கள் தொழில் வேறு உங்களுக்கு எதிராக நிற்கிறது. விற்றவர் சொன்னது வெறும் தவறான தகவல் என்றோ, தெரிந்ததைச் சொல்லாமல் விட்டார் என்றோ வழக்கு சுருங்கினால், சாதாரண அக்கறையோடு பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும் என்று காட்டியே அவர் தப்பிக்கலாம். ஒப்பந்தச் சட்டம் 19ஆம் பிரிவின் விதிவிலக்கு அதற்கு இடம் தருகிறது. குறுக்கு விசாரணையின் முதல் கேள்வியை இப்போதே சொல்லிவிடுகிறேன்: "ஓவிய ஆசிரியரான நீங்கள் பதினொரு லட்சம் கொடுப்பதற்கு முன் ஒரு லென்ஸை எடுத்துப் பார்க்கவில்லையா?" வாய் திறந்து சொன்ன பொய்க்கு இந்த விதிவிலக்கு பொருந்தாது. அதனால்தான் மறுபடியும் அந்தக் குரல் பதிவுக்கு வருகிறேன். பழைய போனை யாருக்கும் கொடுக்காதீர்கள், பழுது பார்க்கவும் அனுப்பாதீர்கள். புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி நீங்களும் ஒரு நிபுணரும் கையெழுத்திடும் சான்றிதழோடு அதைத் தாக்கல் செய்ய வேண்டும்.

அடுத்து, பரிசோதனை. இந்த இடத்தில்தான் ஆட்கள் பணத்தைக் கொட்டித் தவறான கேள்வியைக் கேட்டுக்கொண்டு வருகிறார்கள். "இது எவ்வளவு பழையது?" என்று ஆய்வகத்தைக் கேட்காதீர்கள். அச்சுப்படமே நூறு ஆண்டுக்கு மேற்பட்டதாக இருக்கலாம். காகிதம் பழையது என்று வரும் அறிக்கை வியாபாரிக்குத்தான் உதவும். வெள்ளை நிறத்தில் டைட்டானியம் இருக்கிறதா என்பதும் உங்களுக்கு அரைப் பயன்தான். டைட்டானியம் வெள்ளை ஓவியர்கள் கைக்கு வந்தது 1920களை ஒட்டி; ரவிவர்மா இறந்தது 1906இல். ஜெர்மனியில் பெல்ட்ராக்கி என்ற போலி ஓவியர், 1914 என்று தேதியிட்ட படத்தில் இந்த வெள்ளையைப் பயன்படுத்தி மாட்டிக்கொண்டு 2011இல் ஆறு ஆண்டுத் தண்டனை பெற்றார். ஆனால் உங்கள் படத்தில் டைட்டானியம் கிடைத்தால் "பின்னால் யாரோ பழுது பார்த்தார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. மேல் பூச்சுக்கு அடியில் உருவம் தூரிகையால் உண்டானதா, அச்சால் உண்டானதா? கல்லச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல். பெருக்கிப் பார்த்தால் முகத்தின் நிழலும் சேலையின் மடிப்பும் பல நிறப் புள்ளிகளாகச் சிதறும். கேன்வாஸ் போலத் தோன்றுவதற்குப் படத்தின் பரப்பில் இழை அழுத்தி, வார்னிஷும் அடிப்பார்கள். விரலால் தடவிப் பார்த்து நம்பியவர்கள் அந்த இழையில்தான் ஏமாந்தார்கள். அந்தக் காலத்து எண்ணெய் ஓவியத்தில் ஈய வெள்ளை இருந்தால் எக்ஸ்ரே படத்தில் தூரிகையின் ஓட்டம் வெளிச்சமாகத் தெரியும். அச்சில் அப்படி எதுவும் வராது. புற ஊதா விளக்கில் பழைய வார்னிஷ் பச்சையாக ஒளிரும், அதன் மேல் பின்னால் தீட்டிய பெயின்டும் கையெழுத்தும் கறுத்துத் தனியாகத் தெரியும். இதை வீட்டில் செய்யக் கூடாது. உரிமையியல் வழக்கில் நடைமுறைச் சட்டத்தின் 26ஆம் கட்டளை, விதி 10ஏப்படி ஆணையர் மூலம் அறிவியல் ஆய்வு கேட்கலாம்; நுகர்வோர் ஆணையமும் ஆய்வகத்துக்கு அனுப்பும்.

வீட்டில் ஏன் செய்யக் கூடாது? நீங்கள் தின்னரால் துடைத்த அந்த மூலைதான் காரணம். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்தவர் ஒருவர், பழைய தஞ்சாவூர்ப் படம் என்று வாங்கியதில் தங்க ரேக்கு அசலா என்று பார்க்க அதை நகைப் பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சுரண்டிவிட்டார். ரேக்கு போலி, உண்மைதான். ஆனால் விற்றவர் நீதிமன்றத்தில் "நான் கொடுத்த படம் இதுவல்ல" என்று ஒரே வார்த்தைதான் சொன்னார். சுரண்டிய படத்தை ரசீதோடு பொருத்திக் காட்ட எங்களிடம் பழைய புகைப்படம் ஒன்றுகூட இல்லை. மூன்று ஆண்டு வாய்தாவுக்குப் பிறகு வழக்கு தள்ளுபடியானது. போலி என்பதை நிரூபிப்பது எளிது ஐயா; இந்தப் போலியைத்தான் இவர் விற்றார் என்று நிரூபிப்பதே கஷ்டம். வாங்கிய நாளில் எடுத்த படங்கள், படச் சட்டகத்தின் பின்பக்கம், ஆணி, பழைய ஒட்டுத்தாள், கறை எதுவானாலும் தேடி எடுத்து வையுங்கள். துடைத்த பஞ்சையும் தூக்கி எறியாதீர்கள். இனி அந்தப் படத்தைத் தொடாதீர்கள்.

ரொக்கம் ஏழு லட்சத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ரசீது நான்கு லட்சத்துக்கு; மீதி உங்கள் வார்த்தை மட்டும். ஒரே வியாபாரத்தில் இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கியது வருமான வரிச் சட்டப்படி அவர் தவறு, அபராதமும் அவருக்குத்தான். ஆனால் அந்த ஏழு லட்சம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

இனி மைத்துனரின் யோசனை. இதற்குத்தான் உங்களுக்கு உடனே பதில் எழுதுகிறேன். இன்றைய தேதியில் உங்களுக்கு அது அச்சு என்று தெரியும். நிபுணர் சொல்லிவிட்டார், நீங்களே துடைத்துப் பார்த்துவிட்டீர்கள், எனக்குக் கடிதமும் எழுதிவிட்டீர்கள். இனி இன்னொருவரிடம் வாயை மூடிக்கொண்டு ஒன்பது லட்சம் வாங்கினால் மோசடி செய்தவர் நீங்கள். 2024 ஜூலை 1க்குப் பிந்தைய குற்றம் என்பதால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 318(4), ஏழு ஆண்டு வரை சிறை. வியாபாரி 2024 மே மாதம் செய்ததோ பழைய இந்திய தண்டனைச் சட்டம் 420இல் வரும். அதில் அவருக்கு எதிராக நீங்கள் நிரூபிக்க வேண்டியது மிகக் கடினமான ஒன்று, விற்கும்போதே அவருக்குத் தெரியும் என்பது. உங்களுக்கு எதிராகப் பெங்களூருக்காரர் நிரூபிக்க வேண்டியதோ கையிலேயே இருக்கிறது. ஒரே படம், ஒரே பொய். உள்ளே போகிறவர் நீங்கள், சாட்சிக் கூண்டில் வந்து நிற்கிறவர் உங்கள் வியாபாரி.

இப்படி நடந்து பார்த்திருக்கிறேன். குழித்துறைப் பக்கத்துக்காரர் ஒருவர் ஏமாந்து வாங்கியதைக் கேரளத்தில் ஒரு மருத்துவரிடம் தள்ளிவிட்டு, "நட்டத்தை ஈடு கட்டினேன், வக்கீல் சார்" என்று சிரித்துக்கொண்டு வந்து சொன்னார். எட்டு மாதம் கழித்து முன்ஜாமீனுக்காக உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு அலைந்தார். அவருக்கு விற்றவர் போலீசிடம் என்ன சொன்னார் தெரியுமா? "அச்சு என்று சொல்லித்தான் இவருக்குக் கொடுத்தேன்." அதை மறுக்க இவரிடம் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. அவர் பதற்றத்தில் பேசித் தீர்த்த தொகை, முதலில் ஏமாந்த தொகையைவிட அதிகம்.

"அசல் என்று சொல்லாமல், எதுவுமே சொல்லாமல் விற்றால்?" என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்கிற விலையே சொல்லிவிடுகிறதே, ஐயா. அச்சுப்படத்துக்கு யார் ஒன்பது லட்சம் கொடுப்பார்கள்?

இன்னொரு சிக்கலும் இதிலேயே இருக்கிறது. ஒரு பேச்சுக்கு அது அசல் ரவிவர்மா என்றே வையுங்கள். 1906க்கு முந்தையது, நூறு ஆண்டு கடந்தது. தொல்பொருள்கள், கலைச் செல்வங்கள் சட்டம் 1972இன்படி தொல்பொருள். பதிவு செய்யாமல் வைத்திருக்கக் கூடாது. உரிமம் இல்லாதவர் அதில் வியாபாரம் செய்யக் கூடாது. நாட்டை விட்டு வெளியே அனுப்பவும் முடியாது. ரவிவர்மாவின் படைப்புகள் 1979லிருந்து தேசியக் கலைச் செல்வங்களும்கூட. நீங்கள் பதிவு செய்யவில்லை. ஆக, படம் போலி என்றால் விற்கக் கூடாது, அசல் என்றால் இத்தனை நாள் பதிவு செய்யாமல் வைத்திருந்ததற்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும்.

நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமே என்பீர்கள். தொகை வரம்புக்குள்தான், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். ஆனால் மறுவிற்பனைக்காக வாங்கியவர் நுகர்வோர் அல்ல. "விலை ஏறியதும் விற்று" என்று எனக்கு எழுதியதை வியாபாரிக்கும் எப்போதாவது செய்தியில் அனுப்பியிருந்தால் அதைத்தான் முதலில் நீட்டுவார்கள். மாற்றிச் சொல்லச் சொல்லவில்லை. அந்த வாதம் வரும் என்று தெரிந்துகொண்டு போங்கள். காலக்கெடு இரண்டு ஆண்டு. போலி என்று தெரிந்த நாளிலிருந்து எண்ணலாம் என்று நான் வாதாடுவேன், வாங்கிய நாளிலிருந்து என்று எதிர்த்தரப்பு வாதாடும். அந்த வாதத்துக்கு இடம் கொடுக்காமல், 2024 மேயிலிருந்து எண்ணிக்கொள்வதே பாதுகாப்பு.

ஆகவே வெளிப்படையாகச் சொல்கிறேன்: ஆறு லட்சத்தை வாங்கிக்கொள்ளுங்கள். ஏழு கேட்டுப் பாருங்கள், வந்தால் சரி. ஆறில் நின்றால் ஆறு. ரசீதில் இருப்பதைவிட இரண்டு லட்சம் அதிகமாக அவரே தர முன்வருகிறார் என்றால், குரல் பதிவில் என்ன இருக்கிறது என்பது அவருக்கும் நினைவிருக்கிறது என்று அர்த்தம். சிறைக்கு அனுப்ப வேண்டும் என்ற உங்கள் ஆசைக்கு மாதக்கணக்கில் போலீஸ் நிலையம், வருடக்கணக்கில் நீதிமன்றம். "பணம் தராவிட்டால் கேஸ் போட்டு உள்ளே தள்ளுவேன்" என்று செய்தி மட்டும் அனுப்பிவிடாதீர்கள். மிரட்டிப் பணம் பறிக்கப் பார்த்தார் என்று எதிர்ப் புகார் வரும். ஊர் வாட்ஸ்அப் குழுவில் அவர் பெயரைப் போட்டு எழுதியிருந்தால் இனி எழுதாதீர்கள்.

சமரசத்தையும் டீக்கடையில் வைத்து முடிக்காதீர்கள். வெறும் முத்திரைத்தாள் வேண்டாம், பின்தேதியிட்ட செக்கும் வேண்டாம். நாகர்கோவிலில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. வழக்கு தாக்கல் ஆவதற்கு முந்தைய மனுவாக மக்கள் நீதிமன்றத்தில் வைத்துத் தீர்வாக எழுதிக்கொள்ளுங்கள். அது நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். அவர் தவறினால் நேரே நிறைவேற்று மனுப் போடலாம், மேல்முறையீடு கிடையாது. பணம் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகே படம் கைமாற வேண்டும். கைமாறும் முன் முன்பக்கம், பின்பக்கம், தின்னர் மூலை எல்லாவற்றையும் படம் எடுத்து இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். திருப்பித் தருவது "அச்சுப்படம்" என்ற சொல் அந்தத் தீர்வில் இருந்தே ஆக வேண்டும். அதை எழுத அவர் மறுத்தால் படத்தைக் கொடுக்காதீர்கள், எனக்குப் போன் செய்யுங்கள். நாளை அதே சரஸ்வதி இன்னொரு வீட்டுச் சுவரில் அசலாக ஏறும்போது, நடுவில் வைத்திருந்தவர் என்று உங்கள் வாசலுக்கு யாரும் வரக் கூடாது.

பெங்களூருக்காரருக்கு இன்று இரவே பதில் அனுப்புங்கள்: "இது அச்சுப்படம், விற்பதாக இல்லை." மைத்துனரை அனுப்பச் சொல்லாமல், உங்கள் போனிலிருந்தே அனுப்புங்கள்.