சர்வேயரைக் கேளுங்கள்: மேட்டுக்குப் பேர் சொன்னது யார்?

கேள்வி: ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னித் தீவுகளில் நர்ஸாக இருக்கிறேன். லீவு நாளில் ரவ்சே தீவுக்குப் படகேறிப் போய், பழங்காலப் புதைமேடுகளையும் வயல்களின் பேர்களையும் நோட்டில் குறித்து வருகிறேன். அங்கே ஒரு பண்ணைக்காரப் பெரியவர் சொல்கிற பேர்களில் பாதி மேப்பில் இல்லை. எப்படி எழுதி வைப்பது?
(வாசகி, கிர்க்வால்)

பதில்: அவர் வாயில் வருகிறபடியே எழுதுங்கள் அம்மா. மேப்பைப் பார்த்துத் திருத்தாதீர்கள். போனில் குரலையும் பிடித்து வையுங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு ஊரில் சங்கிலி போட்டு அளந்தபோது, ஒரு கரட்டுக்குப் பேர் கேட்டேன். "பொட்டல்னு போட்டுக்குங்க" என்றார் ஊர்ப் பெரியதனக்காரர். போட்டேன். சாயங்காலம் ஆடு ஓட்டி வந்த கிழவி அதற்கு வேறு பேர் சொன்னாள். படத்தில் மை காய்ந்துவிட்டது; சோம்பல், திருத்தவில்லை. கிழவி சொன்ன பேர் இன்று எனக்கே நினைவில்லை.

ஆர்க்னியை 1879-80-ல் ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற பிரிட்டிஷ் அரசின் நில அளவைத் துறைக்காரர்கள் அளந்தபோது எழுதிய பேர்ப் புத்தகங்கள் இருக்கின்றன. பேர், அதை எழுதும் விதங்கள், சொன்னவர், விவரம் என்று கட்டம் கட்டமாக இருக்கும். எனக்குப் பிடித்தது 'சொன்னவர்' கட்டம். ஆனால் நிலக்கிழார், பாதிரியார், வாத்தியார் வாக்குக்குத்தான் அப்போது அந்தத் துறையில் மதிப்பு அதிகம். எங்கள் பெரியதனக்காரர் கதைதான்! உங்கள் நோட்டிலும் அந்தக் கட்டம் இருக்கட்டும்: யார் சொன்னார், என்ன வயது, அவருக்கு யார் சொன்னது, என்றைக்கு.

ரவ்சேயிலேயே பிறந்த ஹ்யூ மார்விக் என்ற தலைமையாசிரியர், 1947-ல் அந்தத் தீவின் இடப்பெயர்களை மட்டும் தனிப் புத்தகமாகப் போட்டார். அதைத் தேடிப் பிடியுங்கள். பெரியவர் சொல்வதில் எது அதிலும் இல்லாத பேர் என்று தெரிந்துவிடும்.

பேரை வைத்து அர்த்தம் சொல்வதில்தான் கை கொஞ்சம் நடுங்க வேண்டும். ஆர்க்னியில் 'ஹவ்' என்று முடிகிற பேர்கள் நிறைய. வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியில் மேடு என்று பொருள். ரவ்சேயின் மிட்ஹவ் என்றால் நடுமேடு. நடு என்றால் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று இருக்க வேண்டுமே? இருக்கின்றன, நார்த் ஹவ், சவுத் ஹவ் என்று. ஆனால் 1930-களில் மிட்ஹவ்வைத் தோண்டியபோது உள்ளே இருந்தது கல்லறை இல்லை; இரும்புக்காலத்து வட்டமான கல்கோபுர வீடு, 'ப்ராக்' என்பார்கள். கொஞ்சம் தள்ளி இருந்த இன்னொரு மேட்டில்தான் 23 மீட்டர் நீள அறை, அதில் 12 தடுப்பறைகள், 25 பேரின் எலும்புகள். ஆகவே 'ஹவ்' என்று கேட்டால் 'மேடு' என்று எழுதுங்கள். 'புதைமேடு' என்று நீங்களாகச் சேர்க்காதீர்கள்.

டேப் பிடித்துக் குறுக்களவும் உயரமும், போன் காட்டும் ஜி.பி.எஸ். இட எண்ணும், அளவுக்கு ஒரு குச்சி வைத்து எடுத்த போட்டோவும் போதும். டிசம்பரில் போனால், அங்கே உச்சிப்பொழுதிலும் சூரியன் தாழத்தான் நிற்கும். முழங்கால் உயர மேடுகூட நிழலால் தன்னைக் காட்டிக் கொடுக்கும். முயல் பறித்த மண்ணில் ஓடோ எலும்போ கிடந்தால் தொடாமல் படமெடுத்து, ஆர்க்னியின் தொல்லியலாளருக்குச் சொல்லுங்கள். ஸ்காட்லாந்துச் சட்டப்படி கண்டெடுக்கிற பழம்பொருள் அரசருக்குச் சொந்தம்.

கேள்வி: அந்த மேடுகளில் பேய் உண்டா?
(அதே வாசகி, பின்குறிப்பாக)

பதில்: 'ஹாக்பூன்' உண்டு. மேட்டில் குடியிருப்பவன் என்று அர்த்தம். பண்ணைக்குக் காவல், பதிலுக்கு மேட்டின் மேல் பாலோ, ஏல் என்ற பார்லி மதுவோ ஊற்ற வேண்டும். ஒரு வீட்டுக்காரி ஊற்ற மறந்து, அவன் கொடுத்த தொல்லை தாங்காமல் குடும்பமே சாமான்களைக் கட்டிக்கொண்டு வேறு பண்ணைக்குக் கிளம்பியதாம். அப்பாடா என்று பாதி வழி போயிருப்பார்கள். மோர் கடையும் பீப்பாய்க்குள்ளிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்து, "வீடு மாற நல்ல நாளாப் பார்த்திருக்கீங்க" என்றதாம்.